படகு ஏன் கோணலாகப் போகிறது

ஜூலைப் பந்தயம் முடிந்து
படகைக் கவிழ்த்து வைத்த மாலையில்
எங்கள் முன்னாலேயே சண்டை போட்டார்கள் பெரியவர்கள்.
"ஏழு வாரம் சும்மா விட்டால் துருவேறிவிடும்"
என்றார் பயிற்சியாளர் ரிம்விதாஸ்.
"பதினாறு வயசு எலும்பு. அது இரும்பில்லை"
என்றாள் எங்கள் முழங்கால்களுக்குக் கட்டுப்போடும் டாங்குவோலே.
பிறகு இருவரும்
ஒரே காரில் ஏறி ஒரே வீட்டுக்குப் போனார்கள்.

வைவா ஓய்வைத் தேர்ந்தாள்.
தேர்ந்தாள் என்பதுகூடப் பொய்.
சித்தி வீட்டுக்குப் போனாள், அவ்வளவுதான்.
பகல் பதினொன்றுவரை தூங்கினாள்.
பைன் காட்டில் குனிந்து குனிந்து
புளூபெர்ரி பறித்துத் தின்றாள்.
வாரம் ஒரு படம் வரும் எனக்கு:
நீலப் பல்லோடு ஒரு சிரிப்பு.

நான் கராஜில் இருந்தேன்.
அப்பாவின் பழைய டயர்களுக்கும்
உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவே
தண்ணீர் இல்லாத துடுப்பு மெஷின்.
நாளுக்குப் பத்தாயிரம் மீட்டர்.
கணக்குப்படி ஆகஸ்ட் நடுவில்
பால்டிக் கடலில் கால் நனைத்திருக்க வேண்டும்.
எதிரே சுவரில் அதே எண்ணெய்க் கறை.

கராஜ் ஜன்னலில் ஒரு மின்கம்பம் தெரியும்,
அதன் மேல் நாரைக்கூடு.
மூன்று குஞ்சுகள் எழுந்து நின்று
இறக்கையை அடித்து அடித்துப் பார்க்கும்.
பறக்காது. பிறகு உட்காரும்.
நெடுநேரம் உட்காரும்.
அடித்ததைத்தான் நான் எண்ணினேன்.
ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை
கூட்டில் குச்சிகள் மட்டும் இருந்தன.

செப்டம்பர் முதல் நாள்
கால்வே ஏரியில் எங்கள் படகு நேராகப் போகவில்லை.
இருவர் படகில் ஆளுக்கு ஒரே துடுப்பு,
ஆளுக்கு ஒரு பக்கம்.
என் இழுப்பு ஓங்கியது,
மூக்கு அவள் பக்கம் திரும்பியது.
கோட்டைத் தீவுக்குக் கிளம்பிய நாங்கள்
நாணலுக்குள் போய்ச் செருகி நின்றோம்.
வைவா விழுந்து விழுந்து சிரித்தாள்.
எனக்கோ உள்ளே ஒரு பெருமை,
வெளியே காட்ட முடியாத அளவு தித்திப்பாக.

மூன்றாம் வாரம் ஒரு தும்மல்.
விலாவில் ஊசி இறங்கியது.
யாரிடமும் சொல்லவில்லை.
மூச்சைப் பாதி இழுத்தேன்,
துடுப்பை முக்கால் இழுத்தேன்.
படகிடம் மட்டும் மறைக்க முடியவில்லை,
மூக்கு இப்போது என் பக்கம்.
"என்னாச்சுடி?" என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து.
"காத்து" என்றேன்.
நாணல் நுனிகூட அசையாத காலை அது.

டாங்குவோலேயின் விரல்
ஒவ்வொரு விலாவாக இறங்கி
ஏழாவதில் நின்றது.
"லீவில் எத்தனை நாள் சும்மா இருந்தே?"
எண்ணிச் சொல்ல
எனக்கு ஒரு விரலும் தேவைப்படவில்லை.
மயிரிழை விரிசல். ஆறு வாரம் எதையும் தொடக்கூடாது.
அடுத்த அறையில் ரிம்விதாஸ்
பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

வைவா ஜெயித்தாள் என்று நினைக்காதீர்கள்.
இரண்டாயிரம் மீட்டரில் ஒன்பது விநாடியை
அவள் அந்தக் காட்டில் எங்கேயோ தொலைத்திருந்தாள்.
அதைத் தேடி இப்போது
இருட்டோடு எழுந்து ஓடுகிறாள்.
நான் பதினொன்றுவரை தூங்குகிறேன்,
கெட்ட கனவு வந்தாலும் எழுந்திருப்பதில்லை.
அவளுக்கு வாய்த்த தூக்கம் அல்ல இது.
அவள் தூங்கியது பசியால்,
நான் தூங்குவது உத்தரவால்.

போன ஞாயிறு என்னைப் படகில் ஏற்றினாள்,
இழுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.
நடு ஏரியில் அவளும் நிறுத்தினாள்.
இரண்டு துடுப்புகளும் தண்ணீரில் படுத்துக் கிடந்தன.
இருவரும் இழுக்காத படகு
நேராக நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.
மெல்லத் திரும்பத் தொடங்கியது.
"யார் பக்கம் போகுது பார்" என்றாள் வைவா.

நான் கண்ணை மூடியிருந்தேன்.